பதினொரு மணிக்கு ஒரு ரிங்

என் கைக்கடிகாரத்தில் பத்தேகால். இந்தப் படகில் இருக்கிற மற்ற எல்லோருக்கும் பதினொன்றே முக்கால். ஹனோயில் வந்து இறங்கிய அன்றே ஆளாளுக்கு முள்ளை ஒன்றரை மணி நேரம் தள்ளி வைத்துக்கொண்டார்கள், நான் தள்ளவில்லை, என் வீட்டுக்காரர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். இந்த ஊர் நேரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன், சாப்பிடக் கூப்பிட்டால் சாப்பிடுவது, பஸ்ஸில் ஏறச் சொன்னால் ஏறுவது, அதற்கு எதற்குக் கடிகாரம். எனக்கு வேண்டியது கோவில்பட்டியின் பதினொரு மணி, அதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே கடலுக்குள்ளிருந்து மலை மலையாக எழுந்து நிற்கிறது, ஒவ்வொன்றின் தலையிலும் செடி, கழுகுமலையை ஐம்பது துண்டாக வெட்டித் தண்ணீரில் போட்டால் இப்படித்தான் இருக்கும். அழகாகத்தான் இருக்கிறது, யார் இல்லை என்றது. பெயிண்ட் கம்பெனி, டார்கெட் முடித்த தென் மாவட்டத்து டீலர்களையெல்லாம் ஜோடி ஜோடியாகக் கூட்டி வந்திருக்கிறது, எங்கள் கடை மூன்று வருஷமாக முக்கி முனகி இந்த வருஷம்தான் எட்டிப் பிடித்தது. என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் மேல்தட்டில் நின்று மலைகளை வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறார், எந்தச் சுவரைப் பார்த்தாலும் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று யோசிக்கிற மனுஷன், இந்த மலைகளுக்கும் யோசித்திருப்பார். நான் கீழே ஜன்னலோரத்தில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். டீசல் வாடையும் மீன் பொரிக்கிற வாடையும் சேர்ந்து வருகிறது. அருப்புக்கோட்டையில் என் அண்ணன் உயிரோடு இருக்கிறானா என்று மூன்று நாளாக எனக்குத் தெரியாது, நான் இருக்கிறேனா என்று அவனுக்கும் தெரியாது, இது இந்தப் படகில் வேறு யாருக்கும் தெரியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால் போன் நன்றாகத்தான் இருக்கிறது, இன்டர்நெட் எங்கள் வீட்டைவிட வேகமாக ஓடுகிறது. ஏர்போர்ட்டில் டூர் மேனேஜர் எல்லோருடைய போனையும் வரிசையாக வாங்கி, ஊசியால் குத்தி நம்ம சிம்மை வெளியே எடுத்து இந்த ஊர் சிம்மைப் போட்டுக் கொடுத்தார். எடுத்த சிம்மை அவரவர் கழுத்தில் தொங்குகிற கம்பெனி அட்டையின் பின்னால் செல்லோடேப் போட்டு ஒட்டினார், தொலைந்து போகாதாம். இதில் நெட் மட்டும்தான், சாதாரண கால் போகாது, வராது, பேசணும்னா வாட்ஸ்அப்பில் பேசிக்குங்க என்றார். எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான் ஆட்டினேன், என் தலை எப்போதும் முதலில் ஆடிவிடும், மண்டைக்குள் போவது பிறகு. அன்றைக்குப் பதினொரு மணிக்கு ஒரு பகோடா வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வழக்கம்போல அண்ணன் நம்பரை அழுத்திக் காதில் வைத்தபோதுதான் உறைத்தது. ஒரு சத்தமும் இல்லை. திரையில் இங்கிலீஷில் ஏதோ வந்து அணைந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி, உள்ளே எல்லோரும் புத்தரைப் பார்த்துவிட்டு வெளியே வருகிற வரை அழுத்தினேன், நான் புத்தரைப் பார்க்கவில்லை. நேற்று மேனேஜரிடம் போய்ப் பழைய சிம்மை மாட்டினால் வேலை செய்யுமா என்று கேட்டேன், எதுக்கும்மா, பேங்க் ஓடிபியா என்று அவரே காரணத்தையும் எடுத்துக் கொடுத்தார், ஆமாம் என்றேன், ஊரிலிருந்து கிளம்பும்போதே ரோமிங் போட்டிருக்கணும், இப்போ மாட்டினா ஒண்ணும் வராது என்றார். மற்றதெல்லாம் வருகிறது. சாத்தூரில் அத்தை வீட்டில் இருக்கிற என் மகள் தாரணி காலையில் என்ன தின்றாள் என்று படத்தோடு வருகிறது, கடையில் எத்தனை டின் வெள்ளை போனது என்று வருகிறது, கீழத்தெருவில் யாரோ ஒருத்தர் செத்துப் போன போஸ்டர்கூட வந்தது, யார் என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், வேறு யாரோ, எண்பது வயசு. உலகமே என் மடியில் வந்து விழுகிறது, அவன் ஒருத்தன் மட்டும் வர வழியில்லை. அவனிடம் இருப்பது பட்டன் போன். லேத் பட்டறை வைத்திருக்கிறவன், கையெல்லாம் கிரீஸ், தேய்க்கிற போனெல்லாம் அவனுக்குச் சரிப்படாதாம், சித்தி மகள் சொல்லித்தான் தெரியும். அவனாகச் சொல்லி எனக்கு எதுவும் தெரிந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. தினமும் பதினொரு மணிக்கு, வீட்டுக்காரர் கடைக்குப் போய், தாரணி பள்ளிக்கூடம் போய், அடுப்பில் குழம்பு ஒரு கொதி வந்த பிறகு, நான் அண்ணனுக்கு ஒரு ரிங் விடுவேன். ஒரே ஒரு ரிங், உடனே கட். ஐந்து நிமிஷத்துக்குள் அவனிடமிருந்து ஒரு ரிங் வரும், கட் ஆகும். அவ்வளவுதான், இருக்கியா, இருக்கேன். இரண்டரை வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவனுக்கு நெஞ்சுவலி வந்து மதுரையில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டில் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனேன். மூன்றாவது மாடியில் லிஃப்ட் திறந்தது, நேர் எதிரே என் மதினி ஃபிளாஸ்கோடு நின்றுகொண்டிருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு. ஒரு காலை வெளியே வைத்திருந்தால் போதும். நான் வைக்கவில்லை, லிஃப்ட் கதவு தானாக மூடிக்கொண்டது, கீழே வந்து கேன்டீனில் ஒரு டீ குடித்தேன், அந்த டீ நன்றாக இருந்தது, அது நன்றாக இருந்ததற்காகவே என்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். வீட்டுக்கு வந்து பதினைந்து நாள் ஆயிற்று, தாங்கவில்லை, ஒரு நாள் அடுப்படியில் நின்றுகொண்டு அவன் நம்பரை அழுத்தினேன், அங்கே ஒரு தடவை மணி அடித்ததும் பயந்து போய் வைத்துவிட்டேன். போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு தடவை அடித்து நின்றது. அண்ணன் என்று அதில் எழுதியிருந்தது, அந்தப் பெயரை நான் அழிக்காமல் வைத்திருந்தேன் என்பதே எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன், வெங்காயம் இருந்தது, வசதியாகப் போயிற்று. மறுநாளும் அதே நேரத்துக்கு விட்டேன், அவனும் விட்டான். தீபாவளிக்கு மட்டும் மூன்று ரிங் விடுவான், தாரணி பிறந்தநாளுக்கு நாலு. ஒரு தடவை நாற்பது நிமிஷம் கழித்து வந்தது, அந்த நாற்பது நிமிஷத்தில் நான் அவனுக்குக் கொள்ளி வைத்து, காரியம் பண்ணி, மதினியைக் கட்டிப் பிடித்து அழுது எல்லாம் முடித்துவிட்டேன், சாம்பார் அடிப்பிடித்துக் கரிந்துவிட்டது. என்ன வேலையில் இருந்தானோ, கேட்கவா முடியும். இப்போது மூன்று நாள். அவனுக்கு மூன்று நாள் என்றால் எப்படி இருக்கும். அவன் கூப்பிட்டுப் பார்த்திருப்பான், கட்டாயம் பார்த்திருப்பான், என் சிம் இங்கே என் கழுத்தில் அட்டைக்குப் பின்னால் ஒட்டிக் கிடக்கிறது, தாங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று யாரோ ஒரு பொம்பளை அவனுக்குச் சொல்லியிருப்பாள், அவளிடம் எங்கேம்மா போனாள் என்று கேட்கவும் முடியாது.

போனில் வந்த சண்டைதான் இது. தாரணிக்கு ஐந்து வயசில் காது குத்து, குலசாமி கோயிலில். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், அந்தத் தாய்மாமனைப் புருஷனும் பெண்டாட்டியுமாக நேரில் போய், வெற்றிலை பாக்கு பழம் வைத்த தட்டை நீட்டித்தான் கூப்பிட வேண்டும். நான் போனில் கூப்பிட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல், கடையில் சரக்கு இறங்குகிற நேரம், இவருக்கு ஒழியவில்லை, எல்லாவற்றுக்கும் மேலே அவன் என் கூடப் பிறந்தவன், அவனுக்கு எதற்குத் தட்டு என்று நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன், பிரியத்தில் செய்த காரியம் அது. அண்ணே, வர்ற பதினாலாம் தேதி, வந்துரு என்றேன். போன்லயா கூப்புடுற என்றான். ஏன், போன்ல கூப்புட்டா வர மாட்டியோ என்று சிரித்தேன், எனக்கு அவன் கேட்டது உறைக்கவில்லை. சரி, வையி என்றான். அதுதான் நான் கடைசியாகக் கேட்ட அவன் குரல், அந்தச் சரி வையி. காது குத்துகிற அன்றைக்கு ஆசாரி கம்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நல்ல நேரம் போய்க்கொண்டே இருந்தது, பாயில் தாய்மாமன் இடம் காலியாகக் கிடந்தது, என் மாமியார் வீட்டு ஆட்கள் அந்த இடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கூடப் பிறந்தவனை வரவழைக்கத் தெரியவில்லை என்று என் காதுபடவே பேசினார்கள். கடைசியில் இவருடைய பெரியப்பா மகன் உட்கார்ந்தார், தாரணி அவர் மடியில் உட்கார மாட்டேன் என்று அலறினாள், மாமா எங்கே, மாமா எங்கே என்று. பந்தி நடக்கிறபோது வந்தான். வேட்டி சட்டையில், கையில் தாம்பாளம், அதில் பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை, தோடு, எல்லாம். மனசு கேட்காமல் கிளம்பி வந்திருக்கிறான், இன்றைக்கு எனக்கு அது தெரிகிறது, அன்றைக்கு எனக்குக் கண்ணில் தெரிந்ததெல்லாம் அந்தக் காலி இடம்தான். சாமிக்கு எதிரில் நின்று, இனிமேல் உன் குரல் என் காதில் விழக் கூடாது என்றேன். அவன் வாயைத் திறக்கவில்லை. தாம்பாளத்தைத் தரையில் வைத்துவிட்டுப் போனான், நல்லாப் போடா என்றுதான் நினைத்தேன். சாமி முன்னால் சொன்ன சொல், அதை மீற எனக்குத் தைரியம் கிடையாது, மீறினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயம், அதனால்தான் ரிங். ரிங் என்பது குரல் இல்லையே, போன் போடுகிற சத்தம்தானே, சாமியே வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். யோசித்துப் பார்த்தால் பேசிக்கொண்டிருந்த காலத்தில் மட்டும் நாங்கள் என்ன பேசினோம். கல்யாணமாகி வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை எஸ்டிடி பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் போடுவான், நான் ஈரக் கையோடு ஓடிப்போய் எடுத்தால், சும்மாத்தான் என்பான், என்ன விசேஷம் என்றால் ஒண்ணுமில்லை என்பான், நான் சொல்லு என்பேன், நீ சொல்லு என்பான், வைத்துவிடுவான். அந்தச் சும்மாத்தான் எனக்கு இப்போது வேண்டும். இந்தக் கடல், இந்த மலை, இந்த ஐந்து நட்சத்திர ஓட்டல் எதுவும் வேண்டாம், யாராவது சும்மாத்தான் என்று சொல்லச் சொல்லி அவனைக் கூட்டி வந்தால் போதும்.

தாரணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை போட்டால் போதும், மாமாவுக்குப் போன் பண்ணி அம்மா வெளிநாடு போயிருக்காங்கன்னு சொல்லிரு என்று. நாலு தடவை எழுதினேன், நாலு தடவையும் அழித்தேன். ஏம்மா, நீங்கதான் பேசமாட்டீங்களே என்று கேட்பாள், பிறகு அவளுக்கு எல்லாம் சொல்ல வேண்டும், இரண்டரை வருஷமாக அடுப்படியில் ஒளிந்து நடக்கிற விஷயம் சாத்தூர் முழுக்கத் தெரிந்துபோகும், தெரிந்துபோனால் அது என்னுடையதாக இருக்காது. அதோடு ஆள்விட்டுச் சொல்வதா அதை. ஒருதரம் நேரில் போகாமல் போனில் சொல்லித்தான் இத்தனையும், இனி மூன்றாம் ஆளை வைத்துச் சொன்னால் என்ன நினைப்பான். சங்கரலிங்கம் தட்டில் சோறும் கம்பெனி சமையல்காரர் வைத்த சாம்பாரும் எடுத்துக்கொண்டு இறங்கி வருகிறார், தட்டை என் மடியில் வைக்க இடம் தேடி, போனை எடுத்து ஓரமாக வைக்கிறார், நான் அதை மறுபடி எடுத்துக்கொள்கிறேன். முகம் ஒரு மாதிரி இருக்கே, படகு ஒத்துக்கலையா என்கிறார். ஆமாம் என்கிறேன். இவரிடம் சொன்னால் என்ன, இவர் சண்டை போடுகிறவர் இல்லை, அந்த ஒன்பது வருஷத்துச் சண்டையில்கூட இவர் ஒரு வார்த்தை பேசவில்லை, போய்க் கூட்டிட்டு வரட்டுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டார், நான் பாத்திரத்தை எறிந்தேன், அதற்குப் பிறகு கேட்கவில்லை. சொல்ல வாய் வருகிறது. எதிர் வரிசையில் திசையன்விளை டீலருடைய வீட்டம்மா ஞானசுந்தரி தன் மாமியாரிடம் போனில் கத்திப் பேசிக்கொண்டிருக்கிறாள், குக்கர் விசில் வரலைன்னா வாஷரை மாத்துங்க என்று. இவளுக்கு மட்டும் எல்லாம் ஓடுகிறது, மருமகன் ஊரிலிருந்தே ரோமிங் போட்டு அனுப்பியிருக்கிறான், முதல் நாளிலிருந்து அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இவள் போனைக் கேட்கலாம் என்று நேற்றே தோன்றியது. ஆனால் இவள் நம்பரிலிருந்து போனால் அங்கே யாரோ ஒரு நம்பர்தானே விழும், அவன் அதை லோன் கம்பெனிக்காரன் என்று விட்டுவிடுவான், ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினால் அது நான் என்று எப்படித் தெரியும், ரிங்குக்கு முகமா இருக்கிறது. என் நம்பர்தான் நான். அது இல்லாமல் நான்தான் என்று சொல்ல வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டும். இதை நேற்று ராத்திரி கண்டுபிடித்தேன், அதிலிருந்து தூக்கம் இல்லை. தட்டை ஜன்னல் ஓரமாக வைத்துவிட்டேன். பத்து நாற்பது.

பத்து ஐம்பத்தைந்துக்கு எழுந்து போய் ஞானசுந்தரியிடம் கேட்டேன், ஒரு நிமிஷம் ஊருக்குப் பேசிக்கட்டுமா என்று. எடுத்துக்கோங்க, இதுக்குப் போயி கேப்பாங்களா என்று கையில் திணித்தாள், பெருமையில் அவள் முகம் பூரித்துப் போயிற்று, அவளைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டேன். படகின் பின்பக்கம் கயிறு சுருட்டி வைத்திருக்கிற இடத்தில் போய் நின்றேன். இன்ஜின் அதிர்வு பாதத்தில் ஏறுகிறது. மலைகளுக்கு நடுவே போகும்போது சிக்னல் கோடு ஒன்றாகக் குறைகிறது, வெளியே வந்ததும் மூன்றாகிறது, இந்த மலைகளை நான் இப்போது வேறு மாதிரி பார்க்கிறேன், அடுத்தது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று. ஒரு யோசனை இருந்தது. நம்பர் வேறாக இருந்தால் என்ன, நேரம் பதினொன்றுதானே. சரியாகப் பதினொரு மணிக்கு ஒரே ஒரு ரிங் வந்தால் அவனுக்குத் தெரியாதா, வேறு யார் அப்படி விடுவார்கள். தெரியும். தெரிந்து திருப்பி விடுவான், நான் போனைக் கொடுத்துவிட்டுப் போய்ச் சாம்பார் சாதம் சாப்பிடுவேன், வாயைத் திறக்கவே வேண்டாம். பெரிய முள் பன்னிரண்டில் வந்து நின்றதும் அழுத்தினேன். அவன் நம்பரை எழுதி வைத்துப் பார்த்ததில்லை, விரல் தானாகப் போகிறது. ஒரு ரிங். கட். போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். பதினொன்று ஒன்று, இரண்டு. மைக்கில் கைடு அந்தப் பாறை ஒரு சேவல் மாதிரி இருக்கிறது பாருங்கள் என்கிறாள், மேல்தட்டில் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்கிறார்கள். மூன்று. அவனுக்குத் தெரியவில்லை. அல்லது போனை எடுக்க ஆளில்லை. நாலு. லேத் ஓடிக்கொண்டிருக்கும், கேட்டிருக்காது. எத்தனை நாள் லேத் ஓடியிருக்கும், அன்றைக்கெல்லாம் கேட்டதே. ஐந்து. மூன்று நாள் நான் விடாததில் அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால், பயந்து, யோசித்து யோசித்து, ஏற்கெனவே கம்பி வைத்த நெஞ்சு, அப்படி ஆகியிருந்தால் அது யார் செய்தது. ஆறு. இனிமேல் ஐந்து நிமிஷம் என்கிற கணக்கு செல்லாது. எனக்கு என் அண்ணன் வேண்டும். இதை நான் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும், கயிறு சுருட்டிக்கொண்டிருந்த படகுக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

ஏழாவது நிமிஷம் இன்னொரு தடவை அழுத்தினேன், ஒரு ரிங் விட்டு வைத்துவிடலாம் என்றுதான். அது முழுசாக ஒரு ரிங்கூட அடிக்கவில்லை. எடுத்துவிட்டான்.

"ஹலோ" என்றான்.

கட் பண்ண வேண்டிய விரல் அப்படியே நின்றுவிட்டது. அவன் குரல்தான், ஆனால் மெலிந்திருந்தது, ஹலோவில் பாதி காற்று, மாடி ஏறி வந்தவன் மாதிரி மூச்சு வாங்கினான். இருக்கிறான். முதலில் தோன்றியது அதுதான், இருக்கிறான், இருக்கிறான். என் காதில் அவன் குரல் விழுந்துவிட்டது என்பது அதற்குப் பிறகுதான் தோன்றியது, தோன்றி, அது பாட்டுக்கு ஒரு ஓரமாகப் போயிற்று. ஹலோ, யாருங்க என்று மறுபடி கேட்டான். அவனுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. லேத் சத்தம் இல்லை. கடகடவென்று பெல்ட் ஓடுகிற சத்தம், நடுவில் ஒரு நொடி தயங்கி, தட் என்று ஒரு அடி, மறுபடி கடகட. அந்தத் தட்டை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கிற மாவு மில்லு அது, பெல்ட்டில் ஒட்டுப் போட்ட இடம் சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் அப்படி அடிக்கும், மாத்துங்க மாத்துங்க என்று ஒரு வருஷமாக நான் மில்லுக்காரம்மாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். உலகத்தில் வேறு எந்த மில்லும் அப்படி அடிக்காது. அருப்புக்கோட்டையில் அந்தச் சத்தம் எப்படிக் கேட்கும் என்று ஒரு நிமிஷம் மடச்சி மாதிரி யோசித்தேன். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"யாருன்னு தெரியலீங்க. இப்பக்கூட ஒரு ரிங் வந்துச்சு, நீங்கதானா" என்றான், தெரியாதவர்களிடம் பேசுகிற மரியாதையோடு. "நான் வெளியூர்ல, எந் தங்கச்சி வீட்டு வாசல்ல நிக்கிறேன். வீடு பூட்டிக் கெடக்கு. ஒரு பதட்டத்துல இருக்கேன், பெறகு கூப்புடுங்க."

மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நாலாம் நாள் காலையில் பஸ் ஏறியிருக்கிறான். யாரும் தட்டு வைத்துக் கூப்பிடவில்லை, போனில்கூடக் கூப்பிடவில்லை, கூப்பிடாமல் இருந்ததற்காகவே வந்து நிற்கிறான், வெயிலில், அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு, நான் செத்துக் கிடக்கிறேனோ என்று என் வீட்டுப் பூட்டைப் பார்த்துக்கொண்டு. முன்னால் அடுத்த மலை வந்துகொண்டிருக்கிறது, சிக்னல் இரண்டு கோடு. அவன் வைக்கப் போகிறான். சாமி இருக்கட்டும், சாமியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

"அண்ணே" என்றேன். "சாவி எதுத்த மில்லுக்காரம்மாட்ட இருக்கு. நான் சொன்னேன்னு சொல்லி வாங்கு."

அந்தப் பக்கம் பெல்ட் ஓடியது. எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"நான் நல்லாத்தான் இருக்கேன், ஊர்ல இல்ல, அவ்வளவுதான். தெறந்து உள்ள போ, வெயில்ல நிக்காத. ஃபேன் சுவிட்சு கதவுக்குப் பின்னாடி இருக்கு, குடத்துல தண்ணி இருக்கு, வடிகட்டிக் குடி. மதினிக்குப் போன் பண்ணிச் சொல்லிரு. நாளன்னைக்கிக் காலைல வந்துருவேன். நான் வர்ற வரைக்கும் போயிராதண்ணே."